முதல்ல கதவு எங்கேன்னு சொல்லுங்க

‘இன்டீரியர்’ என்ற வார்த்தைக்கு நம்ம கேம்பஸில் பெரிய மரியாதை கிடையாது. எஞ்சின் டிசைன் பண்றவன் இன்ஜினியர், ஃப்ரேம் அனாலிசிஸ் பண்றவன் இன்ஜினியர். ஆனா சீட் எங்கே, கதவு எங்கே, மாடிப்படி எங்கேன்னு யோசிக்கிறவன் வெறும் டெக்கரேட்டர். திரைச்சீலைக்கு கலர் தேர்ந்தெடுக்கிற வேலைன்னு ஒதுக்கி விடுகிறோம். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் கூட மெயின் மாடல் முடிந்த பிறகு, கடைசி ஸ்லைடில் நாலு சீட்டை காப்பி-பேஸ்ட் பண்ணி ‘பாசஞ்சர் லேஅவுட்’ என்று போட்டுவிட்டு உட்கார்ந்து விடுகிறோம்.

இது தப்பு என்பதுதான் என் வாதம். மனுஷங்களை ஒரு வண்டிக்குள் எங்கே வைக்கிறோம் என்பது அலங்காரம் இல்லை. அது எடைக் கணக்கு. தீப்பிடித்தால் அது உயிர்க் கணக்கு. இதைச் சொல்ல நான் எடுத்திருக்கிற உதாரணம் உங்களில் பலரும் படத்தில் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய ஒரு வாகனம்: நூறு வருஷத்துக்கு முன்னால் பறந்த ரிஜிட் ஏர்ஷிப், அதாவது உள்ளே எலும்புக்கூடு வைத்த ஆகாயக் கப்பல். அதில் ஒன்று இந்தியாவுக்குத்தான் கிளம்பி வந்தது. வந்து சேரவில்லை.

பரிசல் தெரியுமா? அப்போ பாதி தெரியும்

ஒகேனக்கல் போயிருப்பீங்க. பரிசலைக் கவிழ்த்து வைத்திருக்கும்போது கவனிச்சிருக்கீங்களா? மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி ஒரு கூடு, அதன் மேல் ஒரு போர்வை. அந்தக் காலத்தில் மாட்டுத்தோல், இப்போ பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். பரிசலின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது மூங்கில். தோல் வெறும் தோல்தான்.

ரிஜிட் ஏர்ஷிப்பும் அப்படித்தான். மூங்கிலுக்குப் பதில் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் செய்த கர்டர்கள். பெரிய பெரிய வளையங்களை வரிசையாக நிறுத்தி, நீளவாக்கில் கர்டர் போட்டு இணைத்து, மேலே துணி போர்த்தி, துணி விறைப்பாக நிற்க ஒரு பூச்சு பூசுவார்கள். பலூனில் உள்ளே இருக்கிற காற்றழுத்தம்தான் வடிவத்தைத் தருகிறது. காற்று போனால் தொங்கிவிடும். இதில் வடிவத்தைத் தருவது எலும்புக்கூடு.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பரிசலை மிதக்க வைப்பது அந்தத் தோல். ஏர்ஷிப்பில் வெளித் துணி மிதக்க வைப்பதில்லை, காற்று வழுக்கிப் போக மட்டும்தான் அது. மிதக்க வைப்பவை உள்ளே வளையங்களுக்கு நடுவே தனித்தனியாகத் தொங்கும் வாயுப் பைகள். ஒன்று கிழிந்தால் மற்றவை தாங்கும். ஹிண்டன்பர்க் கப்பலில் இப்படி 16 பைகள் இருந்தன. பிரிட்டனின் ஆர்-101 கப்பலில் பைகளின் உள்பக்கம் வாயு கசியாமல் இருக்க மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வை ஒட்டினார்கள். லட்சக்கணக்கான மாடுகளின் குடல் அதற்குத் தேவைப்பட்டது.

இப்போ கேள்வி. 240 மீட்டர் நீளம், அதில் பெரும்பகுதி வாயு. மனுஷங்களை எங்கே வைப்பீங்க?

மூன்று கப்பல், மூன்று பதில்

முதல் பதில்: கீழே தொங்க விடு. 1928-ல் பறந்த ஜெர்மன் கப்பல் கிராஃப் செப்பலின் இப்படித்தான். முன்பக்கம் அடிவயிற்றில் ஒட்டின மாதிரி ஒரு நீண்ட கூடம். அதன் முனையில் ஓட்டும் அறை, அப்புறம் சமையலறை, சாப்பிடவும் உட்காரவும் ஒரே ஹால், அதற்குப் பின்னால் ரெண்டு பேர் தங்கும் 10 அறைகள். மொத்தம் 20 பயணிகள். 236 மீட்டர் கப்பலில் இருபதே பேர்! ஹீட்டர் கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனால் அது உலகத்தையே சுற்றி வந்தது. 590 பயணங்கள், 16 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு பயணிக்குக் கூட காயம் இல்லாமல் ஓய்வு பெற்றது.

ரெண்டாவது பதில்: வயிற்றுக்குள்ளேயே வை. 1936-ல் பறந்த ஹிண்டன்பர்க் இந்த வழி. நீளம் 245 மீட்டர், விட்டம் 41 மீட்டர். கப்பலின் முன்பகுதியில், உடம்புக்குள்ளேயே ரெண்டு மாடி. மேல் மாடியில் நடுவில் 25 படுக்கை அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2 மீட்டருக்கு 1.7 மீட்டர். நம்ம ஹாஸ்டல் ரூமை விடச் சின்னது, ஜன்னல் கிடையாது. இடது பக்கம் டைனிங் ஹால், வலது பக்கம் லவுஞ்சும் எழுதப் படிக்க ஒரு அறையும். ரெண்டு ஓரத்திலும் நீளமான நடைபாதை, அதில் வெளிப்பக்கம் சாய்ந்த பெரிய ஜன்னல்கள். பறக்கும்போதே அந்த ஜன்னல்களைத் திறக்கலாம். அறையில் தூங்கிட்டு வெளியே வா, எல்லாரும் ஒன்றாக உட்கார், கடலைப் பார். இதுதான் அந்த லேஅவுட்டின் யோசனை.

கீழ் மாடியில் சமையலறை, கழிவறைகள், ஒரே ஒரு ஷவர், ஊழியர்கள் சாப்பிடும் இடம், கூடவே நம்ப முடியாத ஒன்று: புகை பிடிக்கும் அறை. மேலே 2 லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன், கீழே சிகரெட்! எப்படி? அந்த அறையில் மட்டும் வெளியை விடக் கொஞ்சம் கூடுதல் காற்றழுத்தம். கசிந்த ஹைட்ரஜன் உள்ளே வர முடியாது. நுழைய ரெட்டைக் கதவு. மொத்த அறைக்கும் ஒரே ஒரு மின்சார லைட்டர். தீப்பெட்டிக்கு அனுமதி இல்லை. இதைத்தான் நான் லேஅவுட் இன்ஜினியரிங் என்கிறேன். அந்த அறையின் சுவருக்கு என்ன கலர் என்பது யாருக்கும் தேவையில்லை. கதவு எப்படி மூடுகிறது என்பதுதான் விஷயம்.

மூன்றாவது பதில், பிரிட்டனின் ஆர்-101. அதுவும் வயிற்றுக்குள் ரெண்டு மாடிதான். லவுஞ்ச், டைனிங் ஹால், ஓரத்தில் நடைபாதை, ஆஸ்பெஸ்டாஸ் வைத்த புகை அறை என்று எல்லாமே உண்டு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை ஆகாயத்தில் இணைக்கப் போட்ட திட்டம் அது. போக வேண்டிய ஊர், அன்றைய இந்தியாவில் இருந்த கராச்சி. எகிப்தின் இஸ்மாயிலியாவில் இறங்கி, பெட்ரோல் பங்க்கில் நிற்பது போல நின்று, கராச்சி வர வேண்டும். கராச்சியில் அதற்காகவே ஒரு பிரமாண்டமான கொட்டகை கட்டினார்கள். அந்தக் கொட்டகைக்குள் ஒரு ஏர்ஷிப்பும் கடைசி வரை நுழையவில்லை.

வெயிலுக்கு எத்தனை டன்?

வெயில் ஊருக்கு ஏர்ஷிப் வருவது ஏன் கஷ்டம் என்று நம்ம ஊரை வைத்தே கணக்குப் போடலாம். பிளஸ் டூ ஃபிசிக்ஸ் போதும்.

கடல் மட்டத்தில், 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. அதே இடத்தை ஹைட்ரஜன் நிரப்பினால் கிடைக்கும் தூக்கு சக்தி சுமார் 1.14 கிலோ. 2 லட்சம் கன மீட்டர் என்றால் 228 டன். இந்த 228 டன்னுக்குள்தான் எலும்புக்கூடு, எஞ்சின், டீசல், தண்ணீர், சமையலறை, நீங்கள், உங்கள் பெட்டி எல்லாமே அடங்க வேண்டும்.

இப்போ அதே கப்பலை தர்மபுரிக்குக் கொண்டு வாங்க. நம்ம ஊர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 470 மீட்டர் உயரம். ஏப்ரல் மாதம் 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்று லேசாகி 1.07 கிலோவுக்கு இறங்கிவிடும். தூக்கு சக்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. மொத்தம் 200 டன். ஒன்றும் செய்யாமலே 28 டன் காணாமல் போச்சு! ஆளுக்குப் பெட்டியோடு 100 கிலோ என்றால் 280 பேரின் எடை அது. ஹிண்டன்பர்க் அதன் உச்சத்தில் ஏற்றக்கூடிய பயணிகளே 72 பேர்தான். அதாவது பயணிகள் அத்தனை பேரையும் இறக்கி விட்டாலும் இந்த 28 டன்னில் கால்வாசிதான் ஈடாகும். மீதிக்கு டீசலைக் குறைக்கணும். டீசலைக் குறைத்தால் அடுத்த ஊர் போய்ச் சேர முடியாது.

ஆகவே இந்தியாவுக்கு வரும் கப்பலுக்கு ஒவ்வொரு கிலோவும் முக்கியம். ஆர்-101 என்ன செய்தது? வெப்பமான நாட்டில் பெட்ரோல் ஆபத்து என்று பயந்து டீசல் எஞ்சின் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஐந்து எஞ்சின்களும் சேர்ந்து சுமார் 17 டன். அதிலும் ஆரம்பத்தில் ஐந்தில் ஒன்று ரிவர்ஸ் போக மட்டும்! பயணம் முழுக்க சும்மா சுமந்து போகும் எஞ்சின். எல்லாம் முடிந்து எடை போட்டுப் பார்த்தால், சுமார் 60 டன் சரக்கும் எரிபொருளும் பயணிகளும் ஏற்றலாம் என்று திட்டமிட்ட கப்பல் சுமார் 35 டன்தான் ஏற்றும் என்று தெரிந்தது.

அப்புறம் நடந்தது நமக்கெல்லாம் ரொம்பப் பழக்கமான கதை. டெமோவுக்கு நாள் குறித்தாச்சு, மாடல் வேலை செய்யவில்லை, என்ன பண்ணலாம்? முதலில் எடையைக் குறைக்க அதையும் இதையும் கழற்றினார்கள். பயணி அறைகளைக் குறைத்தார்கள். வாயுப் பைகளைக் கட்டி வைத்திருந்த கம்பி வலையைத் தளர்த்தி, பைகளை இன்னும் உப்ப விட்டார்கள். உப்பிய பைகள் கர்டரில் உரசி ஓட்டை விழுந்தது. உரசும் இடமெல்லாம் துணிப் பட்டை வைத்துச் சுற்றினார்கள். அதுவும் போதாமல் கப்பலை நடுவில் ரெண்டாக வெட்டி, இன்னொரு பகுதியைச் செருகி, 237 மீட்டருக்கு நீட்டினார்கள்.

இவ்வளவு மாற்றிய பிறகு எத்தனை சோதனைப் பயணம் தெரியுமா? ஒன்று. 1930 அக்டோபர் 1-ம் தேதி. அதிலும் ஒரு எஞ்சினில் கோளாறு வந்ததால் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவே இல்லை. அக்டோபர் 4-ம் தேதி மாலை, விமானத் துறை அமைச்சர் லார்ட் தாம்சனை ஏற்றிக்கொண்டு கப்பல் இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டது. லண்டனில் அந்த மாதம் நடந்த இம்பீரியல் மாநாட்டுக்கு, இந்தியா போய்த் திரும்பி வந்து நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அடுத்த நாள் அதிகாலை சுமார் 2 மணிக்கு, மழையிலும் காற்றிலும், பிரான்ஸின் போவே நகரம் அருகே தரையில் மோதித் தீப்பிடித்தது. 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். முன்பக்க வாயுப் பைகளில் இருந்து வாயு வெளியேறியதுதான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது.

பிழைத்தவர்கள் எங்கே இருந்தார்கள்?

விபத்தைப் பற்றிப் படிக்கும்போது எல்லாரும் கேட்கும் கேள்வி, ‘எதனால் நடந்தது?’ நம்ம கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: ‘பிழைத்தவர்கள் எங்கே இருந்தார்கள்?’

ஆர்-101-ல் பிழைத்தது ஆறு பேர். அதில் நாலு பேர் எஞ்சின் கூண்டுகளில் இருந்த தொழிலாளர்கள். அந்தக் கூண்டுகள் கப்பலின் உடம்புக்கு வெளியே தொங்கியவை. ஒரு கூண்டின் மேல் இருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து கொட்டியதால் அதில் இருந்த ரெண்டு பேர் தீயில் இருந்து தப்பினார்கள். இன்னொருவர் புகை அறையில் இருந்தார், சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார். லவுஞ்சும் நடைபாதையும் சுற்றி இருக்க, சொகுசான அறைகளில் தூங்கிய பயணி ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. அமைச்சர் உட்பட. சத்தமும் எண்ணெய் நாற்றமும் நிறைந்த வேலை இடம் உயிரைக் காப்பாற்றியது, பெரிய மனிதர்களுக்காகக் கட்டிய இடம் காப்பாற்றவில்லை.

1937 மே 6-ம் தேதி, அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் இறங்கும்போது எரிந்தது. முழுசாக எரிந்து தரையில் விழ அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆனது. உள்ளே 97 பேர். இறந்தவர்கள் 35, தரையில் ஒருவர். மீதி 62 பேர் உயிர் பிழைத்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இது நம்பவே முடியாது.

எப்படி? பயணிகளில் பலர் தரையைப் பார்க்க நடைபாதை ஜன்னல் அருகே நின்றிருந்தார்கள். கப்பல் தரைக்கு நெருங்கியதும் அந்த ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். தீ ஆரம்பித்தது வால் பக்கம். ஆனால் வாலின் கீழ்த் துடுப்பில், தீக்கு மிக அருகில் இருந்த நாலு ஊழியர்களும் பிழைத்தார்கள். ஏன் என்றால் வால்தான் முதலில் தரையைத் தொட்டது. மூக்குப் பக்கம், தீயில் இருந்து ரொம்ப தூரத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்தார்கள். வால் இறங்கியதும் மூக்கு மேலே தூக்கி நின்றது, நடுவில் இருந்த நீளமான பாதை புகைபோக்கி மாதிரி தீயை அங்கே கொண்டு போனது. அவர்களில் சிலர் கப்பலை சமநிலைப்படுத்த, அதாவது முன்பக்கம் எடை கூட்ட, சற்று முன்புதான் அங்கே அனுப்பப்பட்டவர்கள். 14 வயது வேலைக்காரச் சிறுவன் வெர்னர் ஃப்ரான்ஸ் மேல் தண்ணீர்த் தொட்டி உடைந்து கொட்ட, சாமான் ஏற்றும் கதவை உதைத்துத் திறந்து குதித்து ஓடினான்.

‘தீயில் இருந்து எவ்வளவு தூரம்’ என்பது அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. ‘கதவில் இருந்து எவ்வளவு தூரம், அந்தக் கதவு தரையில் இருந்து எவ்வளவு உயரம்’ என்பதுதான் காப்பாற்றியது.

இதில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அந்த ஜன்னல்கள் தப்பிப்பதற்காக வைத்தவை இல்லை. வேடிக்கை பார்க்க வைத்தவை. அந்த மாலை இறங்கும் நேரமாக இல்லாமல், எல்லாரும் ஜன்னல் இல்லாத நடு அறைகளில் தூங்கும் நள்ளிரவாக இருந்திருந்தால்? ஆர்-101 அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 62 பேரைக் காப்பாற்றியதில் டிசைன் பாதி, அதிர்ஷ்டம் பாதி. இன்ஜினியரிங் என்பது அந்த அதிர்ஷ்டப் பாதியைக் குறைக்கிற வேலைதானே?

‘ஹைட்ரஜன்தானே காரணம்?’

நீங்க கேட்கப் போறது தெரியும். ‘ஹைட்ரஜன் போட்டா எரியத்தான் செய்யும். ஹீலியம் போட்டிருந்தால் பிரச்சினையே இல்ல. இதுக்கு எதுக்கு லேஅவுட்டை இழுக்கிற?’

நியாயமான கேள்வி. ஹிண்டன்பர்க்கை ஹீலியத்துக்காகத்தான் டிசைன் செய்தார்கள். அன்றைக்கு ஹீலியம் அமெரிக்காவிடம் இருந்தது, ஏற்றுமதிக்குச் சட்டம் தடை போட்டிருந்தது. அதனால் ஹைட்ரஜனுக்குப் போனார்கள். ஆனால் அடுத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஹைட்ரஜன் ஹீலியத்தை விட லேசு. மேலே போட்ட கணக்கிலேயே 2 லட்சம் கன மீட்டருக்கு சுமார் 17 டன் கூடுதல் தூக்கு சக்தி கிடைக்கும். அந்த மிச்சத்தை என்ன பண்ணினார்கள்? 1936-37 குளிர்காலத்தில் கீழ் மாடியில் இன்னும் சில அறைகள் கட்டி 72 பேருக்கு இடம் செய்தார்கள். ஆபத்தான வாயு தந்த லாபத்தில் இன்னும் அதிகம் பேரை அந்த வாயுவுக்குக் கீழே படுக்க வைத்தார்கள். 1936-ல் ஏற்றியிருந்த 162 கிலோ அலுமினியப் பியானோவை மட்டும் 1937-ல் இறக்கி வைத்துவிட்டார்கள்.

வாயுவைத் தேர்ந்தெடுப்பதும் லேஅவுட்டும் தனித்தனி முடிவுகள் இல்லை என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மாறினால் இன்னொன்றைத் திரும்பக் கணக்குப் போடணும்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு, அது இன்னும் வலுவானது: ‘கதவு வைத்தால் எடை கூடும். ஃப்ரேம் பலவீனமாகும். எல்லா இடத்திலும் கதவு வைக்க முடியுமா?’ முடியாது. ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கடைசி ஸ்லைடில் வைக்காமல் முதல் ஷீட்டில் வைக்கணும் என்கிறேன். 20 பேர் போதும் என்று முடிவு செய்த கிராஃப் செப்பலின் இன்றைக்கு நமக்குக் கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஆனால் அது தன் எடைக்குள் வாழ்ந்தது. ஆளைக் குறைப்பதும் ஒரு டிசைன் முடிவுதான். ஆனா அதைச் சொல்ல நம்ம யாருக்கும் மனசு வருவதில்லை.

இது ஏன் நம்ம ஊர் விஷயம்

ஏர்ஷிப் திரும்ப வருகிறது என்பது உண்மைதான். அமெரிக்காவில் பாத்ஃபைண்டர்-1 என்ற 124 மீட்டர் ரிஜிட் கப்பல், கார்பன் ஃபைபர் எலும்புக்கூட்டோடும் ஹீலியத்தோடும் சோதனைக்குப் பறக்கிறது. நம்ம டி.ஆர்.டி.ஓ. 2025 மே 3-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூரில் இருந்து ஆளில்லாத ஒரு ஏர்ஷிப்பை சுமார் 17 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது. உங்களில் யாராவது ஒருவர் நாளைக்கு அதில் வேலை பார்க்கலாம்.

ஆனால் ஏர்ஷிப் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான ‘ஆர்-101’ தினமும் ராத்திரி நம்ம ஊரைத் தாண்டிப் போகின்றன. ஸ்லீப்பர் பஸ்.

என்.எச். 44-ல் நின்று பாருங்க. பெங்களூரில் இருந்து கிளம்பி நடு ராத்திரி தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாயில் இறங்கி, தெற்கே போகிறவை. உள்ளே ரெண்டு அடுக்கு பெர்த், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் போக முடிகிற பாதை, திரை, ஏசிக்காக மூடின கண்ணாடி. எல்லாரும் தூங்குகிறார்கள். 2025 அக்டோபர் 24-ம் தேதி அதிகாலை, இதே என்.எச். 44-ல், கர்னூல் அருகே, ஹைதராபாத்தில் இருந்து பெங்களூர் போன ஒரு பஸ் பைக் ஒன்றில் மோதித் தீப்பிடித்தது. சுமார் 20 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் ஜன்னலை உடைத்துக் குதித்தவர்கள். போவே, லேக்ஹர்ஸ்ட், கர்னூல். வருஷம் மாறியிருக்கிறது, வாகனம் மாறியிருக்கிறது, பிழைத்தவர்கள் இருந்த இடம் மட்டும் மாறவில்லை.

2000 பிப்ரவரி 2-ம் தேதி இலக்கியம்பட்டியில் மூன்று மாணவிகளுக்கு என்ன நடந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது விபத்து இல்லை, குற்றம். அதை ஒரு டிசைன் பாடமாக நான் எடுக்கப் போவதில்லை. ஆனால் எரியும் பஸ்ஸில் இருந்து வெளியே வருவது என்பது தர்மபுரிக்கு வெறும் டெக்னிக்கல் கேள்வி இல்லை. அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்லீப்பர் பஸ்ஸுக்கு விதிகள் இருக்கின்றன. எமர்ஜென்சி எக்ஸிட் கட்டாயம். நான் போன பஸ்களில் எக்ஸிட் என்று எழுதிய கண்ணாடியைப் பார்த்திருக்கிறேன். அதன் குறுக்கே ஒரு பெர்த்தின் கம்பி போவதையும் பார்த்திருக்கிறேன். சுத்தியல் மாட்டும் கிளிப் இருக்கும், சுத்தியல் இருக்காது. பேப்பரில் இருக்கிற கதவு வேறு, கை எட்டுகிற கதவு வேறு. ஒரு பெர்த் கூட்டினால் ஒரு டிக்கெட் கூடும் என்பது, அறைகளைக் கூட்டினால் ஆட்கள் கூடுவார்கள் என்ற அதே கணக்கு.

இந்தப் பஸ் பாடிகளை யார் வரைகிறார்கள்? நம்மள மாதிரி படிச்சவங்கதான். ரெண்டு வருஷத்தில் உங்களில் சிலர் அந்த டேபிளில் உட்கார்ந்திருப்பீர்கள். ஓனர் இன்னும் ரெண்டு பெர்த் கேட்பார், டெலிவரி தேதி சொல்லியாச்சு என்பார். அன்றைக்கு ‘முடியாது சார், எக்ஸிட் மறையுது’ என்று சொல்ல வாய் வரணும் என்றால், அந்தப் பழக்கம் இங்கே, ரிவ்யூ ஹாலில் ஆரம்பிக்கணும்.

மூணே மூணு ஷீட்

அதனால் ஒரு கோரிக்கை. மனுஷங்க ஏறுகிற எதை ப்ராஜெக்ட்டாக எடுத்தாலும், அது எலெக்ட்ரிக் ஆட்டோவோ, கல்லூரி பஸ்ஸோ, ஆம்புலன்ஸோ, லிஃப்ட்டோ, முதல் ரிவ்யூவிலேயே மூன்று ஷீட் கேளுங்க, மூன்று ஷீட் கொடுங்க.

ஒன்று, எடைப் பட்டியல். திட்டமிட்ட எடை ஒரு காலம், உண்மையான எடை பக்கத்துக் காலம். ரெண்டும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. கூடினால் மறைக்காதீங்க. ஆர்-101-ல் எடை கூடியது பெரிய தப்பு இல்லை, எல்லா டிசைனிலும் கூடும். கூடியது தெரிந்தும் நாளைத் தள்ளிப் போடாததுதான் தப்பு.

ரெண்டு, ஆள் இருக்கிற லேஅவுட். காலி சீட் வரையாதீங்க. ஆளை வரைங்க. படுத்திருக்கிற ஆள், குழந்தை வைத்திருக்கிற ஆள், கண்ணாடி கழற்றி வைத்திருக்கிற ஆள், கோலூன்றி நடக்கிற பாட்டி. ஒவ்வொரு ஆளுக்கும் கதவு எத்தனை அடி என்று எழுதுங்க.

மூன்று, முப்பது செகண்ட். ஹிண்டன்பர்க் எரிந்து விழ ஆன நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். உங்க டிசைனில் முப்பது செகண்டில் எத்தனை பேர் வெளியே வருவாங்க? வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் எத்தனை பேர்? கரண்ட் போய் இருட்டாக இருந்தால்? சாஃப்ட்வேர் வேண்டாம். கிளாஸ்ரூம் பெஞ்சுகளைப் போட்டு, பசங்களை உட்கார வைத்து, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்க. ஒரு மத்தியானம் போதும்.

இது சிலபஸில் இல்லை. மார்க்கும் இருக்காது. ‘அதெல்லாம் இன்டீரியர் வேலைப்பா’ன்னு யாராவது சொல்வாங்க. அப்போ அவங்ககிட்ட இந்தக் கட்டுரையோட தலைப்பை மட்டும் கேளுங்க.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது இன்னொரு வேலையும் உண்டு. பஸ் ஏறியதும் ஹெட்போன் மாட்டுறதுக்கு முன்னாடி, எக்ஸிட் எங்கே, சுத்தியல் இருக்கா, உங்க பெர்த்தில் இருந்து அங்கே கை எட்டுமான்னு பாருங்க. பார்த்ததை ஒரு ஏ4 பேப்பரில் மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைஞ்சு நம்ம இதழுக்கு அனுப்புங்க. கம்பெனி பேர் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம், படம் மட்டும் போதும். எத்தனை படம் வருதோ அத்தனையும் அடுத்த இதழில் போடச் சொல்லிக் கேட்டிருக்கேன். அதில் எத்தனை படத்தில் கதவு மறைஞ்சிருக்குன்னு எண்ணி, அதுக்கு அப்புறம் பேசலாம்.